அமீரகத்தில் வேலை பார்ப்பவருக்கு: சாப்பாடு, விளையாட்டு, ஊர்ச் செய்தி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய், ஷார்ஜா, அஜ்மான், அபுதாபியில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறையில் தங்கி வேலை பார்க்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம், அளவு, நேரம் வரும் இடங்களில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறோம். மற்றதெல்லாம் கருத்து. ஊர் வாழ்க்கையை அப்படியே இங்கே நடத்தப் பார்த்தால் உடம்பும் தூக்கமும் கெடும், இந்த ஊரில் சுலபமாகக் கிடைப்பதைப் பிடித்துக்கொள்பவர்தான் தாக்குப்பிடிக்கிறார் என்பதே எங்கள் கட்சி.

வந்த ஒரு வருடத்தில் தொப்பை விழுந்துவிட்டது. சோறு அவ்வளவாகச் சாப்பிடுவதில்லையே, ஏன்?

முதலில் டீயைச் சந்தேகப்படுங்கள். கஃபடீரியா கரக் சாயாவில் சுண்டவைத்த டின் பாலும், ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரையும் இருக்கும். நாளைக்கு நாலு கோப்பை குடித்தால் 35 முதல் 40 கிராம் சர்க்கரை. மதியச் சாப்பாட்டோடு 330 மில்லி கோலா ஒன்று என்றால் இன்னொரு 35 கிராம். நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. சோற்றில் கை வைக்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

இரண்டாவது, சாப்பிடும் நேரம். வேலை முடிந்து, வேன் பிடித்து, குளித்து, சமையலறையில் முறை வந்து, சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை. பதினொன்றுக்குத் தூக்கம். மூன்றாவது, நடை அற்றுப்போனது. அறை, வேன், அலுவலகம், மறுபடி வேன் என்று ஒரு நாளில் வெயிலில் நிற்பதே பத்து நிமிடம்தான் என்று இருப்பவர்கள் ஏராளம்.

எடைக்கு இந்தியர்களுக்கான அளவுகோல் கொஞ்சம் கடுமையானது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது சுமார் 66 கிலோ. இடுப்புச் சுற்றளவுக்கு வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பேண்ட் சைஸை நம்பாதீர்கள். அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே கட்டுகிறோம்? டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும்.

அரசும் வரி போட்டுப் பார்த்திருக்கிறது. 2017 அக்டோபரில் கோலா வகைகளுக்கு 50 சதவீதமும் எனர்ஜி டிரிங்க்குக்கு 100 சதவீதமும் விதித்தார்கள். 2026 முதல் இனிப்புப் பானங்களுக்கு 100 மில்லியில் எவ்வளவு சர்க்கரை என்பதை வைத்து வரி. லேபிளில் நீங்கள் பார்க்க வேண்டியதும் அந்த எண்ணைத்தான்.

நாலு பேர் சேர்ந்து சமைக்கிறோம். அளவு சொல்லுங்கள்.

ஒரு வேளைக்கு ஆளுக்கு 75 கிராம் அரிசி. நாலு பேருக்கு 300 கிராம். வடித்தால் முக்கால் கிலோவுக்கு மேல் சோறு வரும், ஆளுக்குச் சுமார் 260 கலோரி. பார்க்கக் குறைவாகத் தோன்றும், ஆகவே பருப்பையும் காயையும் ஏற்ற வேண்டும். சாம்பாருக்கு 200 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 11 கிராம் புரதம். பெரும்பாலான அறைகளில் நாலு பேருக்கு ஒரு கைப்பிடி பருப்பு போட்டு மீதியைத் தண்ணீரிலும் புளியிலும் சரிக்கட்டுகிறார்கள். பசி அடங்காததற்கும் ராத்திரி பிஸ்கட் பாக்கெட் திறப்பதற்கும் அதுதான் காரணம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஐம்பது அறுபது கிராம் புரதம் போதும்.

எண்ணெய் நாலு பேருக்கு மாதம் 2 லிட்டர். ஐந்து லிட்டர் கேன் பதினைந்து நாளில் தீர்கிறது என்றால், சமையலில் கைதேர்ந்தவர் என்று நீங்கள் புகழும் ஆள்தான் வில்லன்.

காய்கறி நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை உள்ளூர்ப் பண்ணையிலிருந்தே வரும். வெள்ளரி, தக்காளி, கத்திரி அப்போது மலிவு. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் விமானத்தில் வருகிறவை. ஆசைக்கு வாங்கலாம், அன்றாடத்துக்கு வேண்டாம். கோடையில் உறையவைத்த பட்டாணி, பீன்ஸ், வெண்டைக்காய் நன்றாகவே இருக்கும், சத்தும் பெரிதாகப் போவதில்லை. உறையவைத்த வெண்டையைப் பொரியலுக்குப் போடாதீர்கள். பனி உருகிய தண்ணீரில் கொழகொழத்துப் போகும், சாம்பாருக்குச் சரி.

கெட்டுப்போவது மூன்று இடங்களில். ஒன்று, காலையில் வைத்த குழம்பை அடுப்பிலேயே விட்டு, ஏசியை அணைத்துவிட்டுப் போவது. மூடிய அறையில் மாலைக்குள் புளித்துவிடும். இரண்டு, மீந்த சோறு. வெந்த அரிசியில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று, உறைந்த கோழியைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவது. ஜூலையில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவதும் மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர்தான். மேலே வெந்து உள்ளே உறைந்து கிடக்கும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வைப்பதுதான் வழி. (கோடையில் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பது பழைய ஆட்களின் தந்திரம். வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் நின்ற தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும்.)

குபூஸ் (அரபு ரொட்டி) சோற்றைவிட நல்லதா?

இல்லை. வெள்ளைக் குபூஸ் மைதாதான். பெரிய குபூஸ் ஒன்று 100 கிராம் பக்கம் இருக்கும். ஒன்றேகால் கப் சோறு சாப்பிட்டதற்குச் சமம். இரண்டு மடித்துக் குழம்பில் தோய்த்தால் "சோறே தொடவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள். பாக்கெட்டின் மூலப்பொருள் பட்டியலில் முழுக்கோதுமை மாவு முதலாவதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் அரபு, ஈரானிக் கடைகளில் எதைத்தான் சாப்பிடுவது?

நம்மவர்கள் அந்தக் கடைகளுக்குப் போனால் மந்தியும் (கறியோடு வரும் அரபுச் சோறு) ஷவர்மாவும்தான். அங்கே உண்மையில் நல்லவை வேறு. ஃபூல் என்பது வேகவைத்து மசித்த பெரிய அவரைப் பருப்பு, மேலே எலுமிச்சை, சீரகம், ஆலிவ் எண்ணெய். காலைச் சாப்பாட்டுக்கு அதைவிட மலிவான புரதம் கிடைப்பது கடினம். பருப்பு சூப், ஃபத்தூஷ் சாலட், சுட்ட கோழி, சுட்ட மீன் எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு. லபான் நம்ம மோர்தான், கொஞ்சம் கெட்டி. கோலா இருந்த இடத்தில் அதை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. புர்குல் புழுக்கி உடைத்த கோதுமை, உப்புமாவுக்கு ரவையைவிடப் பொருத்தம், விலையும் இங்கே விற்கும் சிறுதானியங்களைவிடக் குறைவு.

மந்தி சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு தட்டில் வருவது இருவருக்கான சோறு என்று தெரிந்து இருவராகச் சாப்பிடுங்கள்.

மீனில் ஹமூர், ஹமூர் என்று எல்லோரும் ஓடுவதால்தான் அது வளைகுடாவில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனாகிவிட்டது. வஞ்சிரத்துக்கு இங்கே பெயர் கனாத். ஷேரியும் மத்தியும் மலிவு. மத்தி எந்த ஊரிலும் மத்திதான்.

சர்க்கரை நோய் இருக்கிறது. இனிப்புக்குப் பதில் பேரீச்சம்பழம் சாப்பிடலாமா?

"பதில்" என்ற எண்ணம்தான் தவறு. பெரிய மெட்ஜூல் பழம் ஒன்று 24 கிராம், அதில் 16 கிராம் சர்க்கரை. கோலாவின் பாதி. சிறிய வகைகளில் பழத்துக்கு 5, 6 கிராம். நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சம் மெதுவாக ஏறும். மருத்துவர் தடுக்காதவரை சிறிய பழம் ஒன்றிரண்டு, அதுவும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் ஏழு பழம் என்று சுற்றும் குறிப்புகள் நோயாளிக்கானவை அல்ல. மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் (HbA1c) 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நோய், 5.7 முதல் 6.4 வரை விளிம்பு. விளிம்பில் இருக்கும்போதே சாப்பாட்டை மாற்றினால் மாத்திரை தள்ளிப்போகும்.

ஊரிலிருந்து வரும்போது என்னவெல்லாம் கொண்டுவரக் கூடாது?

கசகசா. இதுதான் முதலும் முக்கியமும். ஊரில் குருமாவுக்கு அரைக்கும் சாதாரணப் பொருள், இங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியாக மட்டுமல்ல, அம்மா வீட்டில் அரைத்துக் கட்டிக் கொடுக்கும் கறிமசாலாப் பொடியிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கிவாருங்கள். வெற்றிலையும் பான் வகைகளும் தடை.

மருந்தில் டிராமடால், பிரிகாபாலின் ஆகிய வலி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் சிரப், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ஊர் மருந்துக்கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்தது என்பது விமான நிலையத்தில் பதிலாகாது. தேவையென்றால் மருத்துவர் சீட்டை வைத்து அமீரக அரசின் இணையதளத்தில் பயணத்துக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். மருந்தை அதன் அசல் அட்டையோடு கொண்டுவர வேண்டும். இன்னொருவர் கொடுத்தனுப்பும் பார்சலைத் திறந்து பார்க்காமல் பையில் வைக்காதீர்கள். கொடுத்தவர் சித்தப்பாவானாலும் சரி.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி குறைவு என்கிறார்களே?

வெயில் அடிக்கிறது, நம் மேல் படுவதில்லை. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தச் சத்தை உண்டாக்கும் கதிர் இருக்காது, அதைக் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. கருத்த தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் மாத்திரை. வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ரமலானில் நோன்பு இல்லாதவர் எப்படி நடந்துகொள்வது?

அலுவலகத்தில் மூடிய இடத்தில் சாப்பிடுங்கள், தெருவில் குடிக்காதீர்கள், பேருந்தில் மெல்லாதீர்கள். துபாயில் உணவகங்கள் பகலில் திரை போட வேண்டும் என்ற விதி 2021 இல் போய்விட்டது. ஆனாலும் பக்கத்தில் நோன்பிருக்கும் ஆளின் முன்னால் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பது சட்டப் பிரச்சினை அல்ல, நாகரிகப் பிரச்சினை. தனியார் துறையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலைக் குறைப்பு நோன்பு இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தை நடைக்குக் கொடுங்கள்.

கோடையில் வெளியே விளையாடலாமா, ஓடலாமா?

மே முதல் செப்டம்பர் வரை காலை ஐந்து மணியை விட்டால் வேறு நேரமில்லை. ராத்திரி குளிர்ந்துவிடும் என்று நினைத்து ஒன்பது மணிக்கு ஓடுகிறவர்கள் ஏமாறுவது ஈரப்பதத்தால். கடலோரத்தில் காற்றே நனைந்திருக்கும்போது வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. வெயில் இல்லை என்பது பாதுகாப்பு இல்லை. வெட்டவெளி வேலைக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 இலிருந்து 3 வரை தடை இருக்கிற நாடு இது.

ஊரிலிருந்து விடுமுறை முடிந்து வந்தவர் முதல் நாளே பழைய வேகத்தில் இறங்கக் கூடாது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் இருபது நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கடுமையாக வியர்க்கும்போது கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அதற்கு மேல் போனால் கெடுதல். மருந்துக்கடைப் பொட்டலம் என்றால் அதில் எழுதிய அளவுத் தண்ணீர்தான், குறைக்கக் கூடாது.

தலைசுற்றல், குமட்டல், சதைப்பிடிப்பு வந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உடனே 998க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டேப் பந்து சுற்றுவது எப்படி? எங்கள் பந்து இரண்டு ஓவரில் பிய்ந்துவிடுகிறது.

டென்னிஸ் பந்தின் மேல் டேப் சுற்றி ஆடும் கிரிக்கெட்; பாகிஸ்தான் தெருக்களில் பிறந்து, இங்கே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட ஆட்டம் இது. லெதர் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். டேப் சுற்றினால் கொஞ்சம் எடை கூடும், முக்கியமாக ரோமம் மூடப்பட்டு வழவழப்பு வரும். காற்றில் வேகம் குறையாது, பிட்ச் ஆனதும் சறுக்கிக்கொண்டு வரும்.

புதுப் பந்து, எலக்ட்ரிகல் பிவிசி டேப். பந்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆகும். நடுவில் ஒரு சுற்று, அதற்குக் குறுக்கே ஒரு சுற்று, பிறகு இடைவெளிகளை மூடிக்கொண்டே போக வேண்டும். டேப்பை லேசாக இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். இழுக்காவிட்டால் மடிப்பு விழும், பிய்வது அந்த மடிப்பில்தான். ரொம்ப இழுத்தால் ஒட்டு விட்டுச் சுருங்கும். ஒன்றின் மேல் ஒன்று மூன்று நாலு மில்லிமீட்டர் ஏறினால் போதும். கடைசி நுனியை இழுக்காமல் ஒட்டி, உள்ளங்கையில் வைத்து இரண்டு நிமிடம் உருட்டித் தேயுங்கள். சூட்டில் ஒட்டு பிடிக்கும்.

இரண்டு ஓவரில் பிய்வதற்கு மூன்று காரணம் உண்டு: தூசு படிந்த பழைய பந்தின் மேல் சுற்றியது, மடிப்பு, சிமெண்ட் தரை. கடைசியதற்கு மருந்தில்லை. வெயிலில் வைத்த பந்தில் பசை இளகி டேப் நழுவும், மாற்றுப் பந்துகளைத் தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் டேப் கிழிந்த பந்து சுவிங் ஆகும். கிழிந்ததும் தூக்கி எறியாமல் வேகப்பந்து வீச்சாளரிடம் கொடுங்கள். வேண்டுமென்றே நகத்தால் கிழிப்பது வேறு விஷயம், அதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கார் பார்க்கிங்கில் ஆடினால் காவல்துறை வந்து கலைக்கும், கண்ணாடி உடைந்தால் செலவும் உங்களுடையது. வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் நேரே ரன் ஓடுவதால்தான் பின்தொடை சதை இழுத்துக்கொள்கிறது. பத்து நிமிடம் மெதுவோட்டம் முதலில். முப்பத்தைந்து தாண்டி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர் சீசனுக்கு முன் ஒரு தடவை இதயப் பரிசோதனை செய்துகொள்வது வீண் செலவில்லை. ஆட்டத்தில் நெஞ்சு அழுத்தினால் "வாயு" என்று சொல்லி அடுத்த ஓவர் போடாதீர்கள்.

கிரிக்கெட் தெரியாது. மலிவாக வேறு என்ன செய்யலாம்?

நடை. வாரம் 150 நிமிடம், கூட இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. துபாயில் ஜுமேரா கடற்கரை ஓட்டப்பாதை 14 கிலோமீட்டர், கட்டணமில்லை. தேரா பக்கம் க்ரீக் ஓரம், ஷார்ஜாவில் மஜாஸ், அஜ்மானிலும் அபுதாபியிலும் கார்னிஷ் (கடலோர நடைபாதை). கோடையில் பெரிய மால்கள். துபாயில் 2017 முதல் ஆண்டுதோறும் நவம்பரை ஒட்டி ஃபிட்னஸ் சேலஞ்ச் நடக்கிறது, முப்பது நாள், நாளுக்கு முப்பது நிமிடம். அப்போது ஷேக் சையத் சாலையை மூடி, எல்லோரையும் இலவசமாக ஓடவிடும் ஒரு நாள் உண்டு. வேகம் முக்கியமில்லை, அந்தச் சாலையில் காலால் நடக்கக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான்.

அறைக்குள் என்றால் தண்டால், உட்கார்ந்து எழுதல், மாடிப்படி. குடிநீர் கேன் நிறைந்தால் 19 கிலோ. பாதி நிரப்பிய கேன் நல்ல எடைக்கருவி. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

இங்கே ஆடி யாராவது மேலே வந்திருக்கிறார்களா?

சென்னையில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் கார்த்திக் மெய்யப்பன் அமீரக அணிக்காக 2022 அக்டோபர் 18 இல், டி20 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ராஜபக்ச, அசலங்க, ஷனக மூவரும் அடுத்தடுத்த பந்துகளில். குடியுரிமை இல்லாவிட்டாலும் குறைந்தது மூன்று ஆண்டு வசிப்பு இருந்தால் அந்நாட்டு அணிக்கு ஆடச் சர்வதேச விதி இடம் தருகிறது. ஆனால் அது லெதர் பந்து லீக்கில் சிறுவயதிலிருந்தே ஆடுகிறவர்களின் பாதை. முப்பது வயதில் விசா எடுத்து வந்தவர் மூட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஆடினால் போதும்.

ஐபிஎல் பார்த்தால் தூக்கம் போகிறது.

இந்த ஒரு விஷயத்தில் அமீரகவாசிக்குக் கொடுப்பினை. ஊரில் 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே 6 மணிக்கே தொடங்கி, பத்து மணிக்குள் முடிந்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பது ஆட்டம் அல்ல, அதற்குப் பிறகு நடக்கும் இரண்டு மணி நேர வாட்ஸ்அப் விவாதம். 2021 இறுதி ஆட்டத்தைச் சென்னை துபாயிலேயே வென்றது, கொல்கத்தாவை 27 ரன்னில். ஆக, டிக்கெட் எடுத்து நேரில் பார்க்கும் வாய்ப்பும் அவ்வப்போது வரும். ஷார்ஜா மைதானத்தை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். 1998 ஏப்ரலில் மணல் புயலுக்கு நடுவே சச்சின் 143 அடித்த இடம். இரண்டே நாளில், தன் பிறந்த நாளில், 134.

இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்தன்று அலுவலகத்தில் எப்படி இருப்பது?

2025 ஆசியக் கோப்பையில் இரண்டு அணிகளும் துபாயில் மூன்று முறை மோதின, மூன்றிலும் இந்தியா வென்றது, வீரர்கள் கை குலுக்கவில்லை. அவர்கள் விளையாடிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். மறுநாள் காலை அதே கிரேன் ஓட்டுநரோடு, அதே ஸ்டோர் கீப்பரோடு வேலை பார்க்க வேண்டியவர் நீங்கள். ஆட்டத்தைப் பேசுங்கள், நாட்டையும் மதத்தையும் பேசாதீர்கள். மத, இன வெறுப்புப் பேச்சுக்கு இங்கே தனிச் சட்டமே இருக்கிறது.

ஊர்ச் செய்தியை எவ்வளவு பார்ப்பது? நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது.

காலையில் பதினைந்து நிமிடம், ராத்திரி பதினைந்து நிமிடம், வாசிப்பாக. காணொளி விவாதங்கள் வேண்டாம். ஊரில் இருப்பவர் செய்தி பார்த்துக் கொதித்தால் டீக்கடையில் இறக்கி வைத்துவிடுவார். இங்கே அதை இறக்க அறைத்தோழன் மட்டும்தான், அவன் வேறு கட்சி. உங்கள் பஞ்சாயத்து, உங்கள் தாலுகா பற்றிய செய்திக்கு வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

கூடவே, இருக்கிற நாட்டின் செய்தியையும் படியுங்கள். விசா விதி, வாடகை விதி, வேலைச் சட்டம் மாறினால் பாதிக்கப்படுவது நீங்கள். ஊர் அமைச்சரவை மாற்றம் விரல் நுனியில் இருக்கும், தன் வேலை ஒப்பந்தத்தின் நோட்டீஸ் காலம் தெரியாது. நம்மில் பலர் இப்படித்தான்.

வந்த செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்தால் என்ன ஆகும்?

2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் உள்ள 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், வதந்தியைப் பரப்புவதற்குக் குறைந்தது ஓராண்டு சிறை, ஒரு லட்சம் திர்ஹம் அபராதம் என்கிறது. பேரிடர், நெருக்கடிக் காலமென்றால் இரண்டாண்டு, இரண்டு லட்சம். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பது விலக்கு அல்ல.

2024 ஏப்ரல் 16 மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 இல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு மழை இல்லை. அல் ஐன் பக்கம் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர். செயற்கை மழைக்கான மேக விதைப்பால் வந்த வெள்ளம் என்று உலகமே பகிர்ந்தது. புயலின்போது விதைப்பு விமானம் எதுவும் பறக்கவில்லை என்று இங்குள்ள வானிலை மையம் மறுத்தது. அப்படி ஒரு நாளில் கை நிதானிக்க வேண்டும்.

விபத்தையோ, அடுத்தவரையோ அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிர்வதும் இதே சட்டத்தில் குற்றம். குழுவில் ஒருவரைத் திட்டி எழுதுவதும் அப்படியே. ஊர் அரசியல்வாதியைத் திட்டும் அதே வேகத்தில் இங்கே விரல் போய்விடும் என்பதால்தான் சொல்கிறோம்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கும், நண்பரின் மருத்துவச் செலவுக்கும் குழுவில் பணம் திரட்டலாமா?

கூடாது. பொதுவில் நன்கொடை கேட்க உரிமம் பெற்ற அமைப்புகளுக்கே அனுமதி. தனிநபர் கேட்டால் சிறையும் லட்சக்கணக்கில் திர்ஹம் அபராதமும் வரலாம். நல்ல எண்ணம் என்பது தண்டனையைக் குறைக்காது. உரிமம் உள்ள தொண்டு நிறுவனத்தின் மூலம் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் கொடுக்க விரும்பினால் உங்கள் கணக்கிலிருந்து ஊரிலுள்ளவருக்கு நேரே அனுப்புங்கள்.

இங்கிருந்து தமிழ்நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போட முடியுமா?

இங்கிருந்து முடியாது, ஊருக்குப் போய்ப் போடலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர் படிவம் 6ஏ மூலம் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கங்கள், விசா நகல் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரி எந்தத் தொகுதியோ அங்கே பெயர் சேரும். இந்த வகையினருக்கு வாக்காளர் அட்டை தரமாட்டார்கள், வாக்குச்சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தபால் வாக்கு இவர்களுக்குத் திறக்கப்படவில்லை. முன்பு வாங்கிய சாதாரண அட்டை இருந்தால் ஒப்படைத்துவிடுவதே முறை; இரண்டு பதிவு வைத்திருப்பது குற்றம்.

ரூபாய் இன்னும் இறங்கும் என்கிறார்கள். காத்திருந்து பணம் அனுப்பலாமா?

திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டாலர் விலையை 3.6725 ஆல் வகுத்தால் திர்ஹம் விலை. டாலர் 90 ரூபாய் என்றால் திர்ஹம் 24.50. மற்ற வித்தியாசமெல்லாம் எக்ஸ்சேஞ்ச் வைக்கும் லாபம். அதைத்தான் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டும்.

ஆயிரம் திர்ஹம் அனுப்புகிறவருக்குப் பத்துக் காசு ஏறினால் கிடைப்பது 100 ரூபாய், அதாவது நாலு திர்ஹம். பல எக்ஸ்சேஞ்ச்களில் அனுப்பும் கட்டணமே அதைவிட அதிகம். பள்ளிக் கட்டணத்துக்கும் கடன் தவணைக்கும் உரிய பணத்தை வைத்துக்கொண்டு காசுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மாதம் இரண்டு தடவை அனுப்புவதை ஒன்றாக்கினால் அந்தக் கட்டணம் மிச்சம்.

தங்கத்திலும் பழைய கணக்கு இப்போது செல்லாது. இந்தியா 2024 ஜூலையில் தங்கத்தின் சுங்கவரியை 15 இலிருந்து 6 சதவீதமாக இறக்கியதும், இங்கே வாங்கி ஊரில் லாபம் பார்த்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை வரியின்றிக் கொண்டுபோகலாம். அது நகைக்கு மட்டும், காசுக்கும் கட்டிக்கும் அந்தச் சலுகை இல்லை. அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்டுங்கள். ரசீது கைப்பையில் இருக்கட்டும்.